நூற்றெட்டு டிகிரி

சைதாப்பேட்டையில் எங்கள் குடியிருப்புச் சுவருக்குப் பின்னால்
தண்டவாளம்.
தாம்பரம் வண்டி போகும்போதெல்லாம்
டயல் கேஜின் ஊசி இரண்டு கோடு நடுங்கும்.
கடைசி வண்டி போகட்டும் என்று
கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன்,
காலடியில் கொசுவத்தி.

கேஜ், கிண்டி எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியுடையது.
திங்கள் எட்டு மணிக்குள் அலமாரிக்குப் போகவேண்டும்.
டிகிரி வட்டம் என்னுடையது:
மகளின் கோணமானியை இரண்டு ஜெராக்ஸ் பெரிதாக எடுத்து
எவர்சில்வர் தட்டில் ஒட்டியது.
முள், சைக்கிள் ஸ்போக்.

ஹெட்டை லேத்தில் சீவியதிலிருந்து
இந்த மாருதிக்குக் கத்திப்பாரா ஏறினால் மூச்சு வாங்குகிறது.
புள்ளிக்குப் புள்ளி சரியாகத்தான் நிற்கிறது.
புள்ளி வைத்தவனுக்கு
நான் சீவியது தெரியாது.

முதலில் உச்சி.
அங்கே பிஸ்டன் நிற்பதுபோல் இருக்கும்,
வட்டம் நகரும், ஊசி நகராது.
பிளக் துளையில் ஒரு போல்ட்டை இறக்கி வழிமறித்தேன்.
இந்தப் பக்கம் முட்டியது முப்பத்தெட்டில்,
அந்தப் பக்கம் நாற்பத்து நான்கில்.
முள்ளை மூன்று டிகிரி வளைத்தேன்.
உச்சியைத் தொடாமலே உச்சி கிடைத்தது.

பிறகு வால்வு.
ஒரு மில்லி ஏறும்போது எழுது,
ஒரு மில்லி மிச்சமிருக்க இறங்கும்போது எழுது,
கூட்டு, பாதியாக்கு.
நூற்றுப் பன்னிரண்டு.
வேண்டியது நூற்றெட்டு,
ஆம்புலன்ஸும் இல்லை, பிள்ளையார் சுற்றும் இல்லை.
தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக்கூடாது, பெல்ட் தளரும்.
யூ டர்னை விட்டவள் நந்தனம் போய் வருவதுபோல்
முழுக்கச் சுற்றி வரவேண்டும்.
மூன்று முறை நந்தனம் போனேன்.

கிராங்கில் நான்கு என்றால் கேமில் இரண்டு.
இரண்டு டிகிரி என்பது
புல்லியின் துளையை எலிவால் அரத்தால் ராவ ராவ
நகக்கண் அழுக்கு அளவு.

செயலாளர் தேசிகன் லுங்கியோடு இறங்கி வந்து
"மணி ரெண்டும்மா" என்றார்.
"நூற்றொன்பது சார்" என்றேன்.
தரையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

நூற்றெட்டு விழுந்தது. போல்ட்டை இறுக்கினேன்.
நூற்றெட்டரை.
அரையை விட்டுவிடலாம் என்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினேன்.
டீ ஆறுவதற்குள் மறுபடி தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி,
அளக்கப் போகையில் முதல் வண்டி.
காத்திருக்கலாம்.
காத்திருக்கவில்லை.
நடுக்கத்தின் இரண்டு முனையையும் எழுதி
கூட்டி, பாதியாக்கினேன்.
நூற்றெட்டு, கிட்டத்தட்ட.

ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று.
எதுவும் எதையும் இடிக்கவில்லை.

ஏழு மணிக்கு முன் எஞ்சின் போடக்கூடாது என்று
லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.
பால்காரர் வந்தார்.
வாங்கிய பாக்கெட்டில் கிரீஸால் என் கட்டைவிரல்,
கோடு கோடாக,
படிக்கிற அளவு தெளிவாக.