அரை கிராம் மியர்பேங்க்

உறையின்மேல் பென்சிலில்:
மழலையர் பள்ளி, வேலியோரம், மேல்மண்.
காயவைத்து, சலித்து, தராசில் அரை கிராம்.
தும்மினால் காணாமல் போகும்.
இதைத்தான் மூன்று தடவை செரிக்க வேண்டும்.

முதல் வயிறு நைட்ரிக்.
செம்பழுப்புப் புகை குடுவையின் கழுத்தைச் சுற்றி
சாமி வந்தவன்போல் ஆடி அடங்கியது.
அடியில் வெளுத்த மணல் மிச்சம்,
எதற்கும் வாய் திறக்காதவன்.

இரண்டாவது ராஜதிராவகம்.
பொன்னையே கரைக்கிறவன்
அந்த மணலுக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

மூன்றாவதைத் தனியாகச் செய்வதில்லை.
தண்டேகா பக்கத்தில் நிற்க வேண்டும்.
கால்சியம் களிம்பு எட்டும் தூரத்தில்.
கண்ணாடியைத் தின்னும், அதனால் டெஃப்லான்.
எலும்பைத் தேடிப் போகும், அதனால் இரட்டைக் கையுறை.
மைக்ரோவேவ் நின்று, ஆறி, திருகித் திறந்தால்
மண் இல்லை. தண்ணீர்போல ஏதோ ஒன்று.
"எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டது" என்றாள்.
"இந்த அடி அடித்தால் யார்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
டர்பனில் சில வேடிக்கைகளுக்கு இன்னும் வயதாகவில்லை.

ஈயம்: மூன்று எண்கள்.
சட்டத்தின் கோடு
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் போகிறது.
நகராட்சிக்காரர் இரண்டாவதைக் கேட்கிறார்,
பெற்றோர்களின் வக்கீல் மூன்றாவதை.
தொலைபேசியில் இருவருக்கும் ஒரே சொல்:
"சரியான" எண்.

சலோஷினி கவெண்டர் எண்ணே கேட்கவில்லை.
டிசம்பர் புழுக்கத்தில் இரண்டு பஸ் மாறி வந்து
கவுண்டரில் முழங்கை ஊன்றிச் சொன்னார்:
"என் பிரெவ்லென் அதைத் தின்கிறான்.
விரலை நக்கி நக்கி, தொட்டுக்கொள்கிற மாதிரி."

அன்று மாலை, யாரும் பணம் கட்டாத நான்காவது.
விரலில் ஒட்டுகிற பொடியை மட்டும்
திரும்பச் சலித்து எடுத்தேன்.
நீர்த்த அமிலம், கொஞ்சம் கிளைசின்,
முப்பத்தேழு டிகிரி, ஒரு மணிநேரம்,
மெல்லப் புரட்டிக்கொண்டே.
புகை இல்லை. தண்டேகா வீட்டுக்குப் போயிருந்தாள்.
தொட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் வயிறுபோல
வெதுவெதுப்பாய்ச் சுழன்றுகொண்டிருந்தது குடுவை.

மூன்றையும்விடச் சின்ன எண்.
பாதிகூட வரவில்லை.
நிம்மதியா என்று யோசித்தேன்,
அது போய்ச் சேரும் இடத்தை நினைத்ததும்
யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அறிக்கையில் நான்கு வரி.
ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால்
எது தின்றது என்று எழுதினேன்:
நைட்ரிக். ராஜதிராவகம். ஹைட்ரோஃபுளோரிக்.
நான்காவதில் பெயர் போட விதி இல்லை.
வயதைப் போட்டேன்.
மூன்று.