ஒரு நாளில் பார்க்க

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்கிறீர்கள்.
கம்பத்தில் இறங்குகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
முதலில் அந்தப் போனை உள்ளே வையுங்கள்.
அதிலுள்ள பட்டியல்
தண்ணீர் வராத மாதத்திலும்
அருவிக்குத்தான் போகச் சொல்லும்.

காலைச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு எதிரே வேண்டாம்.
பின்தெருவில் தவசுக்கனி கடை.
பலகை கிடையாது, புகை வரும்.
ஆப்பம் ஏழரைக்குத் தீர்ந்துவிடும்.
தீர்ந்த பிறகு போய் இட்லி கேட்காதீர்கள்,
மனுஷன் சங்கடப்படுவார்.

எட்டரைக்கு நான் வருவேன்.
திராட்சைப் பந்தலுக்குள் குனிந்தே நடக்க வேண்டும்,
நீங்கள் வளர்ந்த ஆள், கழுத்து வலிக்கும்.
பழத்தைத் தொடலாம். பறித்தால் காசு.
மருந்தடித்த மறுநாள் என்றால்
இரண்டும் வேண்டாம்.

லோயர் கேம்ப்பில்
மலையை விட்டிறங்கும் ராட்சதக் குழாய்கள்.
உள்ளே ஒரு ஆறு ஓடுகிறது,
பார்க்க முடியாது,
நான் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

குமுளியில் எல்லைக்கோடு எங்கே என்பீர்கள்.
அங்கே ஒரு கால் இங்கே ஒரு கால் வைத்து
போட்டோ எடுக்கிறவர்களை
ஆட்டோக்காரர்கள் இரண்டு மொழியிலும் திட்டுவார்கள்.
சிப்ஸ் வாங்குங்கள், சூடாக இருந்தால் மட்டும்.

வண்டியில் என்ன வாசம் என்று கேட்கிறீர்களா?
சென்ட் இல்லை. ஏலக்காய்.
தினம் காலை நாலே முக்காலுக்கு
இதே வண்டியில் பதினான்கு பேர்,
சரி, பதினாறு,
கம்பம்மெட்டு ஏறித் தோட்டத்துக்குப் போகிறார்கள்.
அவர்களுக்கும் ஒரு நாள் பயணம்தான்.
மடியில் தூக்குவாளி,
அட்டை ஏறாமலிருக்கக் கெண்டைக்காலில்
புகையிலைத் தண்ணி நனைத்த துணி.
திரும்பும்போது எல்லாரும் தூக்கம்.
வளைவுக்கு வளைவு
பதினாறு தலையும் ஒரே பக்கம் சாயும்.

மெட்டில் ஒரு இடம்,
கீழே பள்ளத்தாக்கு முழுசும் தெரியும்.
நிறுத்துங்கள் என்பீர்கள். நிறுத்துவேன்.
ஷிபின் என்றொரு பையன் பைனாகுலர் வைத்திருக்கிறான்,
ஆளுக்குப் பத்து ரூபாய்.

போன ஐப்பசியில் அங்கேதான்
பின்டயர் போனது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை.
நான் ஜாக்கியோடு மல்லுக்கட்டுகையில் விடிந்துவிட்டது.
பதினோரு வருஷமாக
இருட்டில் ஏறித் தூக்கத்தில் இறங்கியவர்கள்
முதல்தடவையாகக் கம்பியோரம் போய் நின்றார்கள்.
"ஏய், நம்ம ஊருடி!"
தண்ணித்தொட்டியை வைத்துத் தெருவைப் பிடித்தார்கள்,
தெருவை வைத்து வீட்டை.
"அந்தா மாடியில பச்சையா, அது என் சேலை.
எடுடின்னு சொன்னேன், ராத்திரி எடுக்கவே இல்ல அவ."
"சேலையாம். எவன் வீட்டுத் தார்ப்பாயோ."
ஷிபின் வந்து காசு கேட்டான்.
"எங்க வீட்டப் பாக்க நாங்க எதுக்குடா காசு தரணும்?"
என்றாள் ஒச்சம்மா.
அவனிடம் பதில் இல்லை. கொடுத்துவிட்டான்.

கை மாறி கை மாறி எல்லாரும் பார்த்தார்கள்,
சத்தம் போட்டார்கள், பொய்யும் சொன்னார்கள்.
கடைசியாக மொக்கத்தாய்.
டயர் மாட்டி நட்டு முறுக்கி முடிக்கிறவரைக்கும்
கண்ணை எடுக்கவில்லை.
"என்னடி தெரியுது?"
"ஒண்ணுமில்ல. காயுது."

அன்றைக்கு எல்லாருக்கும் அரைச் சம்பளம்.
எனக்கு வசவு.

ஆகவே சொல்கிறேன்,
நீங்கள் போகும்போது மேகம் மறைத்திருந்தால்
கொஞ்சம் பொறுங்கள், விலகும்.
ஆனால் மூன்றரைக்கு மேல் வண்டி உங்களுக்கில்லை.
தோட்டத்துக் கேட்டில் ஆட்கள் நிற்பார்கள்.
இஷ்டமென்றால் பின்னால் ஒடுங்கிக்கொண்டு வாருங்கள்,
பதினேழு பேர் ஆகட்டும்.
இடது ஓரத்தை மட்டும் கேட்காதீர்கள்.
அது மொக்கத்தாய் இடம்.
இப்போதெல்லாம் அவள் தூங்குவதில்லை.