அறுபத்திரண்டாம் எண்

முதலில் ஒரு கம்பம் நட்டார்கள்.
கம்பத்தில் மஞ்சள் தாள், மழைக்குப் பயந்து நெகிழியுறை.
நாயோடு நடப்பவர்கள் நின்று படித்தார்கள்.
நாய்களும் படித்தன, தங்கள் வழியில்.
ஸ்டென்ஹாம், ஆற்றங்கரை மேய்ச்சல் வெளி:
நூற்று நாற்பது வீடுகள்.

ஹெஸ்டர் மனுவோடு வாசலுக்கு வந்தாள்.
என் மூட்டு அறுவைக்குப் பின் ஆறு வாரம்
மருந்துக் கடைக்கு எனக்காக நடந்தவள்.
அவள் பேனாவை நீட்டினால் எப்படி மறுப்பது?
பெயர்: லினெட் கபோல்ட்.
காரணம் என்ற கட்டத்தில்
'வெள்ளம்' என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஒரு ஈஸ்டர் வாரம் முழுக்க
அந்தப் புல்வெளியில் அன்னங்கள் மிதந்தன.
வேலி ஒரு கோடாகக்கூடத் தெரியவில்லை.

தேவாலய மண்டபத்தில் கூட்டம்.
மாட்டுத் தொழுவத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து
வீடாக்கிக் குடியிருக்கும் பியர்ஸ்,
லண்டனிலிருந்து வந்து மூன்று வருடம்,
'நம் ஊரின் இயல்பு' என்று ஏழு முறை சொன்னார்.
எண்ணினேன். பழக்கம் அப்படி,
இருபது வருடம் வங்கிக் கல்லாவில் இருந்தவள்.
இப்போது வங்கி இல்லை.
வியாழக்கிழமை ஒரு வேன் வந்து
கார் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும்.
நம் பணத்துக்கு நாமே குடை பிடித்துக் காத்திருக்கலாம்.

கோழித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் வைடோடஸ்
கடைசி வரிசையிலிருந்து எழுந்து
'அங்கே பஸ் நிற்குமா?' என்று கேட்டார்.
எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.
பதிலை மட்டும்
யாரும் தேடவில்லை.

மனு தோற்றது. பதாகை மட்டும் மிஞ்சியது.
என் பின்வேலிதான் வெளியைப் பார்த்தது,
அதனால் அங்கே கட்டினார்கள்.
'வயலைக் காப்போம்' சிவப்பில்,
'வீடுகள் வேண்டாம்' கறுப்பில்.

பிறகு என் மகள் போன் செய்தாள்.
கிர்ஸ்டி, பக்கத்து ஊரில்,
மீன் வறுக்கும் கடைக்கு மேல் வாடகைக்கு இருப்பவள்.
குழந்தையின் தொப்பியில்கூட எண்ணெய் வாசனை.
'அம்மா, அறுபத்திரண்டாம் எண் கிடைத்துவிட்டது!
பாதி சொந்தம், பாதி வாடகை.'
எந்தப் பாதி சொந்தம் என்றேன்.
'அடுப்பு இருக்கிற பாதி' என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
கையெழுத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ரொட்டி அலமாரி முன் ஹெஸ்டர் மறித்தாள்.
'கிர்ஸ்டி அங்கேயா வருகிறாள்?'
ஆமாம் என்றேன்.
'நல்லது' என்றாள்.
இந்த ஊரில் நல்லது என்ற சொல்லுக்குப்
பதினாறு பொருள்.
இது ஒன்பதாவது.
அதற்குப் பிறகு என் மருந்தை நானே வாங்கிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மெத்தை வந்தது, தொட்டில் வந்தது,
திரைச்சீலை இல்லாத சமையலறை ஜன்னலில்
என் மகள் வந்து நின்றாள்,
நேர் எதிரே என் பின்வேலி.
இரண்டு கோடை வெயிலில் சிவப்பு வெளுத்துவிட்டது.
வயலும் இல்லை, காப்போமும் இல்லை.
கறுப்பு எழுத்து மட்டும் கல்லாய் நின்றது.

இருட்டியதும் கத்தரிக்கோலோடு போனேன்.
நெகிழிக் கட்டுகள் நான்கு.
இரண்டு அறுந்தன, மூன்றாவதில் கை வழுக்கியது.
எதிரே விளக்கு எரிந்தது.
இடுப்பில் குழந்தையோடு ஜன்னலைத் திறந்து
'விடும்மா, குளிருது.
வீடு பார்க்க வந்த அன்றைக்கே படித்தேன்' என்றாள்.
கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.
கோபமா என்று கேட்க நினைத்து
சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன்.

பதாகை இப்போது சுருட்டி
கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால்.
ஹெஸ்டரோடு பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது,
வானிலை வரைக்கும்.

ஆனால் நான் எழுதிய அந்த ஒற்றைச் சொல்
இன்னும் நகராட்சிக் கோப்பில் இருக்கிறது.
பலத்த மழை இரவுகளில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு ஓடைவரை போகிறேன்.
ஒரு குச்சியில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.
கோட்டுக்குக் கீழே நான்கு விரல், மூன்று விரல்.
நேற்று இரண்டரை.