முப்பத்தாறு நாள்

ஜனவரி பத்து என்று
நாள் குறித்துக் கொடுத்திருந்தார்களாம் ஹல் மருத்துவமனையில்.
நான் நவம்பர் இருபத்தாறிலேயே வந்துவிட்டேன்,
ஒரு கிலோ எழுநூறு கிராம்,
கண்ணாடிப் பெட்டிக்குள்
கணுக்காலில் ஓர் அட்டையோடு.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று
நாற்பது வருடமாகச் சொல்கிறார் அப்பா,
நான் பேருந்தைத் தவறவிட்டாலும்
அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும்.

அந்தப் பகிடிக்குள் ஒரு சட்டம் படுத்திருந்ததை
போன வருடம்தான் கண்டேன்.

எண்பத்தைந்து பிறக்கும்வரை
நெதர்லாந்தின் சட்டப்புத்தகத்தில்
இரத்தம் அப்பாக்களிடமிருந்து மட்டுமே இறங்கியது.
அந்தப் புத்தாண்டு நள்ளிரவில்
அம்மாக்களுக்கும் இரத்தம் உண்டென்று
யாரோ மை தொட்டு எழுதினார்கள்.

என் அம்மா மரெய்க்கே. ஃபிளிசிங்கன்காரி.
ஹல்லுக்கும் ரொட்டர்டாமுக்கும் ஓடிய கப்பலில்
இரவுச் சமையலறையில் வேலை.
அப்பா, கப்பல் எஞ்சின் படிக்க வந்த கரவெட்டிக்காரர்,
ஒரே வாரத்தில் மூன்று முறை
காரணமில்லாமல் கடல் கடந்தவர்.
எண்பத்தாறில் பிறந்த தம்பி செந்தூரன்
பிறக்கும்போதே டச்சுக்காரன்.
அதே வயிறு, அதே கட்டில், அதே மருத்துவச்சி.
கேட்டால், ‘நான் மாதம் நிறையும்வரை பொறுத்தவன்’ என்கிறான்.

என்னைப் போல் முந்திக்கொண்டவர்களுக்கென்று
பிறகொரு படிவம் வந்தது.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நின்றோம் இரண்டு மாதம்.
நான் வதனி குணவீரசிங்கம்.
அப்பா குணவீரசிங்கம் சின்னத்துரை.
‘உங்கள் தந்தையின் குடும்பப் பெயர்
ஏன் உங்களுக்கு வரவில்லை?’
அவருக்கே இல்லை, ஐயா.
பின்னால் நிற்பது அவருடைய அப்பா.
எனக்குப் பின்னால் நிற்பது அவர்.
இப்படியே ஒருவர் பின் ஒருவராக
வரிசை போகும், கதவு எங்கென்று தெரியாது.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அடுத்தது அம்மா.
தொண்ணூற்றொன்றில் அவள் பிரிட்டிஷ்காரி ஆனாள்,
அடுத்த தேர்தலில் தோற்கப்போகும் கட்சிக்கு
ஓட்டுப்போட ஆசைப்பட்டு.
ஒன்றை எடுத்தால் மற்றது தானாக உதிருமென்று
அன்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
பல்லு விழுந்தது போலவாவது இருந்திருக்கலாம்,
நாக்கு தேடியிருக்கும்.

‘உங்கள் தாய் இன்று யார் என்பது தேவையில்லை.
நீங்கள் பிறந்த அன்று அவர் யார், அதுதான் கேள்வி.’

அன்று அவள் யார்?
தூசி உறிஞ்சியின் உத்தரவாதக் காகிதங்களுக்கிடையில்
பழைய கடவுச்சீட்டு கிடைத்தது.
படத்தில் அவளுக்கு இருபத்தாறு,
காதில் அப்பா கொடுத்த கல்லுத்தோடு,
வாயில் சொல்ல வந்து நிறுத்திய ஏதோ ஒன்று.

இலண்டன் ரயிலில் டொன்காஸ்டர் தாண்டும்வரை
உறுதிமொழி பழக்கினாள்.
கடவுள் என்ற சொல்லை அவர்கள்
தொண்டையைச் செருமித்தான் சொல்கிறார்கள்.
எனக்கு அது வரவில்லை. அவளுக்கு ழகரம் வராது.
வாழைப்பழம் என்றேன், பழிவாங்க.
வாளைப்பளம் என்றாள். எதிரில் இருந்தவர்
பத்திரிகையை உயர்த்திக்கொண்டார்.

மேசைக்கு முன் நான் சத்தியம் செய்தபோது
பார்வையாளர் நாற்காலியில்
அவள் உதடும் அசைந்தது, ஒலியில்லாமல்,
கணக்கில் சேராமல்.
காப்பி தந்தார்கள். ஆறியிருந்தது.

சித்திரையில் கப்பலேறினோம், அவளும் நானும்.
பழைய சமையலறை இருந்த இடத்தில்
குழந்தைகள் விளையாட பந்துத் தொட்டி.
அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை,
இரண்டு முறை போய்ப் பார்த்தாள்.

விடிய, துறைமுகத்தில், இரண்டு வரிசை.
அவளுடையது நீளம்.
எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்று
தாய்மொழியில் கேட்டார்கள் அவளை,
அவள் பதிலின் சுத்தத்தில்
அந்தப் பையன் ஒருகணம் தலை நிமிர்ந்து
பிறகு முத்திரை குத்தினான்.

நான் அதற்குள் மறுபக்கம் நின்றேன்,
இரண்டு பேரின் பைகளோடும்.
இம்முறையும் அவசரப்பட்டு
அவளுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டேன்.