பத்தொன்பதாம் நாள்

எழுமலைக்குத் தெற்கே என் கொட்டகை வரைக்கும்
கம்பி இழுக்க ஏழு போஸ்ட் வேண்டும் என்றார்கள்.
எஸ்டிமேட் காகிதத்தைப் பார்த்த பின்
வானத்தோடு நேராகவே பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கூரையில் எட்டு சோலார் பலகை.
மேற்கே களத்துமேட்டில் இரும்புக் குழாய் நட்டு
உச்சியில் மூன்று இறக்கைச் சிறு காற்றாலை.
பொருத்திய காசிமாயன் ஒரு நோட்டும் தந்துவிட்டுப் போனான்.
வெயில் ஒரு கட்டம், காற்று ஒரு கட்டம்.
மணிக்கொரு தரம் எழுதணும்க்கா,
எது வேலை பாக்குது எது ஏமாத்துதுன்னு தெரிஞ்சுபோகும்.

எழுதினேன்.
பங்குனியில் வெயில் கட்டம் நிரம்பி வழிய
காற்றுக் கட்டத்தில் வெறும் கோடுகள் கிடந்தன.
ஆடியில் கணவாய் திறந்துகொண்டது.
இரவெல்லாம் இறக்கை இரைய
பொரிப்பான் பெட்டிக்குள் ஆயிரத்து நூற்று நாற்பது முட்டைகள்
காற்றின் சூட்டில் கிடந்தன.
காற்றுக்குச் சூடு உண்டென்று
அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு
இறக்கையின் நிழல் பலகை மேல் ஏறும்.
மீட்டரில் எண் சற்றே குனியும், நிமிரும், குனியும்.
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்
ஒரே வரப்பில் எதிரெதிர் வந்து ஒதுங்குவது போல.

ஐப்பசி மூன்றாவது வாரம்
இரண்டுமே வரவில்லை.
நாலு நாள் மூட்டம். சதுரகிரி இருந்த இடமே தெரியவில்லை.
புளியமரத்தில் ஓர் இலை, சத்தியமாக ஓர் இலை, அசையவில்லை.
இரவு ஒன்று பத்துக்கு
இன்வெர்ட்டர் மூன்று முறை கூவிவிட்டு அணைந்தது.
வெயில்: 0. காற்று: 0.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன்.

முட்டைகளுக்கு அன்று பத்தொன்பதாம் நாள்.

சாக்கு போர்த்தினேன். கதவிடுக்கில் சேலையைத் திணித்தேன்.
காசிமாயனுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.
குலசாமியைக் கூப்பிட்டேன், அந்த லைனும் பிஸி.
வெப்பமானி தொண்ணூற்றெட்டரை.
இரண்டு மணிக்குத் தொண்ணூற்றெட்டு.
மூன்று மணிக்கும் தொண்ணூற்றெட்டு.

வெளியே ஈரக் குளிர். உள்ளே யார் அடுப்பு மூட்டியது?

கதவைத் திறந்து கை நுழைத்தேன்.
ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது.
ஓட்டுக்குள் ஒரு பிறாண்டல்.
இத்தனை நாள் வாங்கின சூட்டைத்
திருப்பித் தர ஆரம்பித்திருந்தன.

இனி அவற்றுக்கு வேண்டியது மூச்சு மட்டும்.
அரை மணிக்கொரு தரம் கதவைத் திறந்து
முட்டை அட்டையால் விசிறினேன்,
தோள் கழன்று விழுந்துவிடும் போல, விடியும் வரை.

ஆறே காலுக்கு மூட்டம் கிழிந்து வெயில் வந்தது.
பின்னாலேயே காற்றும்.
பந்தி முடிந்த பின் வந்து நிற்கும்
மாமன் மச்சான் மாதிரி, வேட்டியை உதறிக்கொண்டு.

ஓடு உடைய அரை நாள் பிந்திற்று.
ஆயிரத்து இருபத்தாறு தேறின.
மீதியை வேப்பமரத்தடியில் புதைத்தேன்.
அந்தக் கணக்கும் நோட்டில் இருக்கிறது.

போன வாரம் சர்வீசுக்கு வந்த காசிமாயன்
பக்கம் புரட்டிக்கொண்டே வந்து நின்றுவிட்டான்.
ஸ்கேல் வைக்காமல் நான் இழுத்த மூன்றாவது கட்டம்.
தலைப்பில் ஒற்றைச் சொல்: முட்டை.

இது எத்தனை வாட்டுக்கா என்றான்.
டீ ஆறுது, குடி என்றேன்.