இரண்டடிச் சுவர்

பெட்போர்டு கடையில் காட்டினார்கள்
ஆறு கொம்போடு ஒன்று,
மல்லாந்த நண்டு மாதிரி.
"பின்னாடி திருப்புங்க" என்றேன்.
துளை நூறு எம்பிக்குத்தான்.
மாதாமாதம் ஆயிரத்துக்குக் கட்டிவிட்டு
தொள்ளாயிரத்தை வாசலிலேயே திருப்பியனுப்பவா?

விலை கூடியதையே வாங்கினோம்.
கூடத்தில் தொள்ளாயிரத்து நாற்பது.
நான் எக்ஸ்ரே படித்து அறிக்கை எழுதும் பின்னறையில்
பதினொன்று.
நடுவே கருங்கல்,
எந்தத் துரையோ குன்னூர்க் குளிருக்குப் பயந்து
இரண்டடிக்குக் கட்டியது.

போஜன் தட்டிப் பார்த்தான்,
பலாப்பழம் வாங்குகிறவன்போல.
பிறகு டிரில்லர்.
இந்தப் பக்கமிருந்து பாதி,
அந்தப் பக்கமிருந்து பாதி,
இரண்டும் சந்திக்கப் பொழுது சாய்ந்தது.

இப்போது கேபிள் வருகிறது.
அதே துளையில் துரை பயந்ததும் வருகிறது,
முழு வேகத்தில்.

பழைய காலுறை ஒன்றைத்
திணித்து வைத்திருக்கிறேன்.