மின்கம்பியில் படிக்கட்டு

பேருந்து நன்றாகத்தான் ஓடுகிறது.
பனி விழுகிறது, வைப்பர் ஆடுகிறது.
சாலையோர மின்கம்பி மட்டும்
கம்பியாக இல்லை.
படிக்கட்டாக இருக்கிறது.

விண்டோசுக்கு எழுதிய விளையாட்டு.
என்னுடையதோ பன்னிரண்டாம் வகுப்பில்
அரசு கொடுத்த மடிக்கணினி,
உள்ளே லினக்ஸ்,
நடுவில் வைன் என்றொரு துபாஷி.

செட்டிங்ஸில் ஆன்ட்டி அலையாசிங்
எட்டு மடங்கு என்றுதான் இருக்கிறது.
எடுத்தேன், போட்டேன்,
வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன்.
டிக் இருக்கிறது. படியும் இருக்கிறது.

தௌலத்துக்குப் படம் அனுப்பினேன்.
ஷார்ஜாவில் ஷிஃப்ட் முடிந்து வந்தவன்
"எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று
தன் கம்பியை அனுப்பினான்,
வடகரையில் அவன் வீட்டுத் துணிக்கொடி மாதிரி
தொய்ந்து, வழவழவென்று.
எனக்கு நல்லாத்தானே தெரியுது.
இந்த ஒரு வாக்கியத்தால்
உலகத்தில் எதுவும் சரியானதில்லை.

டிரைவரை மாற்றினேன்.
முழுத்திரையை ஜன்னலாக்கினேன்.
டெர்மினலில் எட்டு என்று எழுதி
கட்டாயப்படுத்திப் பார்த்தேன்.
அது ஓபன்ஜிஎல்லுக்குப் போட்ட உத்தரவாம்,
இங்கே வேலை செய்வது வல்கனாம்.
இவ்வளவு நேரமும் அடுத்த வீட்டு ஃபியூசைப் பிடுங்கி
என் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மணிக்குக் கரன்ட் போனது.
குத்தாலத்தில் ஃபேன் நின்றால்
ஆறு கேட்கும்.
மேட்டூர் திறந்து பன்னிரண்டு நாள்.
சாயங்காலம் படித்துறையில் ஒன்பது படி
வெளியே தெரிந்தது, எண்ணினேன்.
விடிந்தால் அஞ்சுதான் இருக்கும் என்றார்
லஸ்கர் முத்தையன்,
பீடியை அணைக்காமலே.

பேட்டரியில் நாற்பது நிமிடம்.
அந்த இருட்டில்தான் அகப்பட்டது:
விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே
ஒரு சின்னக் கோப்பு வைக்க வேண்டும்,
அதில் ஒரே வரி, வரியின் கடைசியில் ஓர் எண்.
எட்டு போட்டேன், திரை கறுத்தது.
நான்கு போட்டேன்.

கம்பி வளைந்தது!
மலையிலிருந்து மலைக்கு
ஒரே இழுப்பாக, ஒரு படி இல்லாமல்.

பேருந்துதான்
வினாடிக்கு ஒன்பது படம் என்று
கொள்முதல் நிலையத்து வரிசையில் டிராக்டர் போல
நின்று நின்று நகர்ந்தது.

நான்கை அழித்து இரண்டு போட்டேன்.
உற்றுப் பார்த்தால் படி தெரியும்.
உற்றுப் பார்க்க நேரமில்லை,
அடுத்த நிறுத்தத்தில்
கம்பளிக் குல்லாய் போட்ட நாலு பேர்
பனியில் நின்றுகொண்டிருந்தார்கள்.
கதவைத் திறந்தேன்.